தமிழில் ஆன்லைன் கோர்ஸ்: எல்லாரும் படிக்கும்படி அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

டிஎன்பிஎஸ்சி பயிற்சி, டேலி, ஸ்போக்கன் இங்கிலீஷ், பத்தாம் வகுப்புக் கணக்கு என்று எதுவானாலும் சரி, இன்றைக்குத் தமிழில் ஓர் ஆன்லைன் கோர்ஸ் தொடங்க ஒரு போன், ஒரு காலர் மைக், கொஞ்சம் பொறுமை போதும். அதனால் கோர்ஸ்கள் குவிகின்றன. அவற்றில் ஒன்றில் பார்வையற்ற ஒருவர் பணம் கட்டிச் சேர்ந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீடியோவில் சார் "இங்க பாருங்க, இது இப்படியே வந்து இதோட சேரும்" என்கிறார், எது எதோடு சேர்ந்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. நோட்ஸ் என்று வந்த பிடிஎஃப்பைப் போனில் வாசிக்கவிட்டால் அர்த்தமில்லாத எழுத்துகளாக வருகிறது. வாரத் தேர்வில் கேள்விகளைக் கேட்டு முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. காது கேளாதவருக்கோ வீடியோவில் மிஞ்சுவது வாயசைவு மட்டும்தான்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவாகும், தனி சாஃப்ட்வேர் வாங்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை முக்கால்வாசி வேலை இரண்டே இடத்தில் இருக்கிறது. நீங்கள் எப்படித் தட்டச்சு செய்கிறீர்கள், எப்படிப் பேசுகிறீர்கள், இந்த இரண்டுதான். அதனால் இந்த வழிகாட்டியும் அந்த இரண்டில்தான் அதிக நேரம் நிற்கும், மற்றதைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கும்.

உதாரணத்துக்கு டிஎன்பிஎஸ்சி பொது அறிவு கோர்ஸை எடுத்துக்கொள்கிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஆகவே இந்தத் தேர்வுக்கு மும்முரமாகப் படிக்கிற மாற்றுத்திறனாளிகள் நிறையப் பேர். உங்கள் கோர்ஸில் அப்படி யாரும் இல்லை என்று நீங்கள் சொன்னால், சேர்ந்துவிட்டுச் சொல்லாமலே போய்விட்டார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சட்டம் பற்றி ஒரு நிமிடம். 1995 சட்டத்தில் 7 வகை மாற்றுத்திறன்கள்தான் இருந்தன, 2016 சட்டத்தில் 21. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு, ஆட்டிசம், பார்க்கின்சன் எல்லாம் இந்தப் பட்டியலில் வருகின்றன. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. உலக அளவில் இணையப் பக்கங்களுக்கான விதிமுறைத் தொகுப்பு டபிள்யூசிஏஜி, அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதை முதல் நாளே உட்கார்ந்து படிக்காதீர்கள், பயந்துவிடுவீர்கள். அதிலிருந்து தேவையானதை மட்டும் அங்கங்கே சொல்கிறேன்.

படி 1: சேரும்போதே கேட்டுவிடுங்கள்

பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள். "உங்களுக்கு என்ன குறைபாடு?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "படிக்க வசதியாக நாங்கள் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். கீழே தெரிவுகள் கொடுங்கள்: ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறேன், சப்டைட்டில் வேண்டும், சைகை மொழி வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும், பெரிய எழுத்து வேண்டும், டேட்டா குறைவு அதனால் ஆடியோ போதும், வேறு ஏதாவது. சான்றிதழ் கேட்க வேண்டாம். கூடுதல் நேரம் கொடுப்பதால் உங்களுக்கு என்ன நஷ்டம்? பொய் சொல்லி ஒருவர் பத்து நிமிடம் அதிகமாக எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, படிவமே சிலரைத் தடுத்துவிடும். படத்தில் கோணல்மாணலாக எழுத்து காட்டி "இதைத் தட்டச்சு செய்" என்கிற கேப்சா பார்வையற்றவரை வாசலிலேயே நிறுத்திவிடும். ஓடிபி அரை நிமிடத்தில் காலாவதியானால், மெசேஜைத் திறந்து கேட்டு, திரும்பி வந்து பெட்டியைத் தேடுவதற்குள் முடிந்துவிடும். பணம் கட்டும் பக்கத்துக்கும் இதே கதைதான். கோர்ஸை எவ்வளவு அழகாகச் செய்தும் உள்ளே வரும் வழி அடைத்திருந்தால் பயன் இல்லை.

படி 2: எழுத்து எழுத்தாக இருக்கட்டும்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. உங்கள் பாடம் முழுக்க ஒழுங்கான யூனிகோட் (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) தமிழில் ஒரே ஒரு மூலக் கோப்பாக இருந்தால், அதையே ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும், பெரிதாக்கிப் படிக்கலாம், பிரெய்லாக மாற்றலாம், சப்டைட்டிலுக்கு வெட்டி எடுக்கலாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அது இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டும்.

நம் ஊர்ச் சிக்கல் என்னவென்றால் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்கள் இன்னும் டிடிபி கடைகளில் உயிரோடு இருக்கின்றன. பாமினியில் "தமிழ்" என்று திரையில் தெரிவது, கணினிக்கு உள்ளே ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி, அவ்வளவுதான். எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் வரைந்து காட்டுகிறது. கண்ணுக்குத் தமிழ், ஸ்கிரீன் ரீடருக்கு "ஜே கே பி ஓ". தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது, ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

உங்கள் பிடிஎஃப் எந்த ரகம் என்று பார்க்க அரை நிமிடம் போதும். ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு. தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் ஸ்கேன் படம். சில சமயம் பாதி சரியாக வந்து, கொம்பு மட்டும் இடம் மாறி நிற்கும். அதுவும் தோல்விதான், ஏனென்றால் கேட்பவருக்கு அது வேறு சொல்.

பழைய எழுத்துருக் கோப்பு என்றால், வேர்டிலிருந்து எடுத்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டால் யூனிகோடாகிவிடும். ஸ்கேன் படம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொல்லுங்கள், படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும். தெளிவான அச்சு என்றால் தமிழில் நன்றாகவே செய்கிறது. ஆனால் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். "ர" எழுத்தும் துணைக்காலும் குழம்பும், "ன"வும் "ண"வும் மாறும், பிழைதிருத்தியே ஆக வேண்டும், அதுவும் ஆண்டுகளையும் எண்களையும் ஒவ்வொன்றாக.

இனி புதிதாகத் தட்டச்சு செய்யும்போது கவனிக்க வேண்டியவை. தலைப்பைப் பெரிய எழுத்தாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகாது. வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் இருக்கிற ஹெட்டிங் ஸ்டைலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர் தலைப்பு தலைப்பாகத் தாவி, நாற்பது பக்க நோட்ஸில் "விஜயநகரப் பேரரசு" எங்கே என்று கண்டுபிடிக்க முடியும். இல்லையென்றால் முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். கோப்பின் மொழி தமிழ் என்று அமைத்துவிடுங்கள், இணையப் பக்கமாக இருந்தால் வடிவமைப்பாளரிடம் பக்கத்தின் மொழிக் குறியீட்டைத் தமிழ் என்று போடச் சொல்லுங்கள். இது இல்லாமல் சில போன்கள் தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரலில் வாசிக்க முயன்று மௌனமாகிவிடும். அட்டவணையைப் படமாக ஒட்டாதீர்கள், உண்மையான அட்டவணையாகவே போடுங்கள், மேல்வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறியுங்கள். கட்டங்களை இணைத்து அழகுபடுத்த வேண்டாம்.

பிடிஎஃப் ஆக்கும்போது "பிரின்ட்" வழியாகப் போகாமல் "சேவ் ஆஸ்" வழியாகப் போங்கள். பிரின்ட் வழியில் தலைப்பு அடையாளங்கள் உதிர்ந்துபோகும். இன்னும் நல்லது, பிடிஎஃப்போடு வேர்ட் கோப்பையும் சேர்த்துக் கொடுப்பது. திருடிவிடுவார்கள் என்று பயப்படுபவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன், திருடுபவர்கள் பிடிஎஃப்பையும் திருடத்தான் செய்கிறார்கள்.

கணக்கும் அறிவியலும் நடத்துகிறவர்கள் சமன்பாட்டைப் படமாக ஒட்டினால் அங்கே மௌனம்தான் கேட்கும். வேர்டில் இருக்கும் சமன்பாட்டு வசதியையே பயன்படுத்துங்கள். இணையப் பக்கம் என்றால், சமன்பாட்டைப் படமாக இல்லாமல் எழுத்தாகவே வைக்கும் மேத்எம்எல் வடிவம். கணினிக்கான என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர், மேத்கேட் என்ற இலவச நிரலின் உதவியோடு இவற்றை வாசிக்கும்.

படி 3: பேசும்போதே படம் காட்டுங்கள்

கேமரா முன்னால் நிற்கும் தமிழ் ஆசிரியர்களின் பேச்சில் பாதி சுட்டுப்பெயர்கள். இது, அது, இங்க, அங்க, இப்படி. வகுப்பறையில் கை நீட்டிக் காட்டிப் பழகிய வாய் அப்படித்தான் பேசும், தப்பில்லை. ஆனால் பார்க்க முடியாதவருக்கு அந்தச் சொற்களில் எதுவும் இல்லை. சுட்டும் இடத்தில் பெயரைச் சொல்லுங்கள், முழு வித்தையும் இவ்வளவுதான்.

காவிரி வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமான வகுப்பு: "காவிரி இங்க ஆரம்பிக்குது, இப்படியே கீழ வருது, இங்க ஒரு டேம், இங்க இது வந்து சேருது, அப்புறம் இங்க ரெண்டாப் பிரியுது, கடைசியா கடல்." இதே நேரத்தில் இதைச் சொல்லலாம்: "காவிரி கர்நாடகத்துல குடகுப் பக்கம் தலைக்காவிரியில ஆரம்பிக்குது. தமிழ்நாட்டுக்குள்ள வந்ததும் ஒகேனக்கல், அதுக்குக் கீழ மேட்டூர் அணை. தெற்க இறங்கி பவானி ஊருக்கு வந்தா மேற்குல இருந்து பவானி ஆறு சேருது. ஈரோடு தாண்டி நொய்யல், கரூர் பக்கத்துல அமராவதி, இந்த மூணுமே வலக்கரைப் பக்கம் சேருறது. திருச்சிக்கு மேற்க முக்கொம்புல ரெண்டாப் பிரியுது, வடக்க போறது கொள்ளிடம், தெற்க போறது காவிரி, நடுவுல ஸ்ரீரங்கம். அப்புறம் கல்லணை, டெல்டா, பூம்புகார்ல கடல்."

இரண்டாவதைக் கேட்டவருக்கு வரைபடமே தேவையில்லை. அதோடு, வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவருக்கும் இரண்டாவதுதான் மனதில் நிற்கும். தேர்வில் கேட்பது "வலக்கரைத் துணையாறு எது?" என்றுதானே. பேருந்தில் நின்றுகொண்டு காதில் மாட்டிக் கேட்கிற மாணவர், சமையல் செய்துகொண்டே படிக்கிற அக்கா, எல்லாருக்கும் இது சேரும்.

கணக்கில் கொஞ்சம் கூடுதல் கவனம். "எக்ஸ் பிளஸ் ஒன் ஸ்கொயர்" என்று சொன்னால் வர்க்கம் ஒன்றுக்கு மட்டுமா, மொத்தத்துக்குமா? "அடைப்புக்குள் எக்ஸ் கூட்டல் ஒன்று, அடைப்பை மூடு, மொத்தத்துக்கும் வர்க்கம்" என்று சொல்லுங்கள். நீளம்தான், ஆனால் குழப்பமில்லை. கணினிப் பாடமாக இருந்தால் "இந்த பட்டன அமுத்துங்க" என்று விடாமல் பட்டனின் பெயரையும் கீபோர்டு வழியையும் சொல்லுங்கள். எக்செலில் கூட்டுத்தொகைக்கு ஆல்ட் விசையோடு சமக்குறி, சேமிக்க கண்ட்ரோல் எஸ். மவுஸைப் பிடிக்க முடியாத, கை நடுங்குகிற மாணவருக்கும் அதுதான் வழி.

ஒளிப்பதிவுக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு நிமிடம் பதிவுசெய்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடியோவை மட்டும் கேளுங்கள். எங்கெல்லாம் "எது?" என்று தோன்றுகிறதோ அங்கெல்லாம் மாற்ற வேண்டும். சில வகுப்புகளிலேயே நாக்கு பழகிவிடும்.

படி 4: கேட்க முடியாதவர்களுக்கு

சப்டைட்டில் எழுத்தைத் தனிக் கோப்பாக வைப்பது நல்லது, வீடியோவிலேயே பொறித்துவிடாதீர்கள். தனிக் கோப்பு என்றால் பார்ப்பவர் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறம் மாற்றலாம், தேவையில்லை என்றால் அணைக்கலாம். வாட்ஸ்அப்பில் பகிரும் துண்டு வீடியோவுக்கு மட்டும் பொறித்ததுதான் சரிவரும்.

இந்தத் தனிக் கோப்பின் வழக்கமான வடிவம் எஸ்ஆர்டி, அது ஒன்றும் மந்திரமில்லை. வரிசை எண், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், கீழே வசனம், ஒரு வெற்று வரி, மறுபடி அடுத்த எண். நோட்பேடிலேயே செய்யலாம், ஆனால் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, நேரம் பொருத்துவது அதில் எளிது. முதல் வரைவுக்கு கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு தமிழில் கிடைக்கிறது. எந்தக் கருவி செய்து கொடுத்தாலும் மூன்று விஷயங்களைக் கண்ணால் சரிபாருங்கள்: பெயர்கள், எண்கள், எதிர்மறைகள். "செல்லும்" என்பதற்கும் "செல்லாது" என்பதற்கும் இடையில் ஒரு தேர்வே தோற்றுப்போகலாம்.

பேச்சுத் தமிழில் நடத்தும் வகுப்புக்குச் சப்டைட்டிலை எப்படி எழுதுவது என்று எல்லாரும் கேட்பார்கள். "வந்துச்சுன்னா" என்பதை அப்படியே போடலாமா? என் கருத்து, எளிய எழுத்துத் தமிழில் "வந்தால்" என்று போடுங்கள், ஆனால் உதாரணத்தையோ நகைச்சுவையையோ வெட்டாதீர்கள். பிறவியிலிருந்தே காது கேளாதவர்கள் பேச்சுத் தமிழைக் கேட்டு வளர்ந்தவர்கள் இல்லை, அவர்கள் அறிந்த தமிழ் பாடப்புத்தகத் தமிழ்தான். ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். நம் சொற்கள் நீளம், போன் திரை சின்னது. பின்னால் மணி அடித்து நீங்கள் சிரித்தால், மணி அடிக்கிறது என்றும் எழுதுங்கள், இல்லையென்றால் ஏன் சிரித்தீர்கள் என்று தெரியாது.

சப்டைட்டில் போட்டாயிற்று, காது கேளாதோர் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பலருக்கு முதல் மொழி சைகை மொழி. இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டுவது அல்ல அது. டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் தொடங்கப்பட்டது, அதன் 10,000 சொற்கள் கொண்ட அகராதி இணையத்தில் இலவசம். 2024 டிசம்பரில் மத்திய அரசின் கல்வி டிவி சேனல் வரிசையான பிஎம் இ-வித்யாவின் 31ஆவது சேனல் சைகை மொழிக்கென்றே தொடங்கியது. மொழிபெயர்ப்பாளர் வைக்க வசதி இருந்தால் வகுப்புக் குறிப்பை முந்தைய நாளே அவருக்குக் கொடுங்கள். "அடிப்படைக் கடமைகள்" என்ற சொல்லை நேரலையில் முதல் முறை கேட்டு அவர் என்ன செய்வார்? திரை மூலையில் தபால்தலை அளவில் அவரை ஒடுக்காதீர்கள், விரல்களும் முகமும் தெளிவாகத் தெரிய வேண்டும். எல்லா வீடியோவுக்கும் முடியாது என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து நிமிடச் சுருக்கத்தையாவது சைகை மொழியில் போடுங்கள், அதுவே பெரிய உதவி.

படி 5: ஸ்லைடும் நிறமும்

டபிள்யூசிஏஜி கணக்கில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளை மேல் கறுப்பு 21-க்கு 1. நம் ஆசிரியர்கள் "முக்கியம்" என்று போடும் தூய சிவப்பு வெள்ளை மேல் 4-க்கு 1தான், சின்ன எழுத்துக்குப் போதாது. வெள்ளை மேல் மஞ்சள் என்பது இல்லாததற்குச் சமம். இணையத்தில் இலவச நிறச் சோதனைக் கருவிகள் நிறைய உண்டு, இரண்டு நிறத்தைக் கொடுத்தால் சொல்லிவிடும்.

"சிவப்பில் இருப்பதை மட்டும் படிங்க" என்று சொல்லவே வேண்டாம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள், ஆண்களில் குறிப்பாக, எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். ஸ்கிரீன் ரீடருக்கும் நிறம் தெரியாது. வரிக்கு முன்னால் "முக்கியம்:" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

படத்துக்கு மாற்று விளக்கம் கொடுக்க பவர்பாயின்டில் படத்தின் மேல் வலச் சொடுக்கு, ஆல்ட் டெக்ஸ்ட். "படம்1" என்றோ "வரைபடம்" என்றோ எழுதினால் எழுதாததற்குச் சமம். அந்தப் படம் எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அதை எழுதுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் படம் கட்டடக்கலைப் பாடத்தில் வந்தால் விமானத்தின் அமைப்பு, சோழர் நிர்வாகப் பாடத்தில் வந்தால் சுவரில் உள்ள கல்வெட்டு. வெறும் அலங்காரப் பூ என்றால் அலங்காரம் என்று குறித்துவிட்டு நகருங்கள்.

டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்காக: வரி இடைவெளி ஒன்றரை, இடப்பக்கம் மட்டும் சீரான ஓரம், வாக்கியம் சின்னது. இரு பக்கமும் சமமாக இழுத்து நிரப்பினால் தமிழின் நீளச் சொற்களுக்கு நடுவே ஓட்டைகள் விழும், கண் வழுக்கும். "கொண்டுவரப்பட்டிருந்ததனால்" என்ற சொல்லைப் பிரித்து வேறு விதமாக எழுத முடியும் என்றால் எழுதுங்கள். இதற்கென்று சிறப்பு எழுத்துரு தேடி அலைய வேண்டாம், இடைவெளிதான் உதவும்.

தொடக்கத்தில் பளிச் பளிச் என்று மின்னும் அறிமுகத் துண்டு வைக்கிறவர்கள் கவனிக்க: ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் மின்னினால் சிலருக்கு வலிப்பு வரலாம். எடுத்துவிடுங்கள். பின்னணி இசையையும் எடுத்துவிடுங்கள், காதுக் கருவி அணிந்தவருக்குப் பேச்சும் இசையும் கலந்து ஒரே இரைச்சல்.

படி 6: தேர்வு

தாங்கள் சொல்லச் சொல்லப் பதில் எழுதித் தரும் எழுத்தர் ஒருவரை வைத்துத் தேர்வு எழுதத் தகுதி உள்ளவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் ஈடுசெய் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மாதிரித் தேர்விலும் அதே கணக்கை வையுங்கள், மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூட. மூடுல் என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தைப் பயன்படுத்தினால் ஒரு மாணவருக்கு மட்டும் நேரத்தை மாற்றும் வசதி தேர்வு அமைப்பிலேயே உண்டு. வேறு தளம் என்றால் அந்த வசதி இருக்கிறதா என்று சந்தா கட்டும் முன் கேளுங்கள்.

"பொருத்துக" கேள்வி நம் தேர்வுகளின் செல்லப்பிள்ளை. இழுத்துவிடும் வடிவில் அதை வைத்தால் ஸ்கிரீன் ரீடர்காரரும் கை அசைவு குறைந்தவரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். இரண்டு பத்தியாகப் படம் எடுத்துப் போட்டாலும் அதே கதி. வரிவரியாக எழுதுங்கள்: முதலில் அ, ஆ, இ, ஈ வரிகள், அப்புறம் 1, 2, 3, 4 வரிகள், அப்புறம் தெரிவுகள். ஸ்கிரீன் ரீடரில் கேட்கிறவர் மனதில் எட்டு வரியை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மறக்க வேண்டாம், ஒவ்வொரு வரியும் இரண்டு மூன்று சொல்லுக்குள் முடியட்டும். கூற்று, காரணம் கேள்வியிலும் "கூற்று:" "காரணம்:" என்று எழுத்தில் போடுங்கள், வெறும் நிறப்பெட்டி போதாது.

யார் முதலில் பட்டனை அழுத்துகிறார்கள் என்று மதிப்பெண் போடும் நேரலை வினாடிவினா ஜாலியாக இருக்கும், ஆனால் அதன் மதிப்பெண்ணை ரேங்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 7: நேரலை வகுப்பு

சுருக்கமாக. பேசுவதற்கு முன் யார் பேசுகிறீர்கள் என்று பெயர் சொல்லுங்கள். சாட்டில் வரும் கேள்வியை வாய்விட்டு வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். முகத்தில் வெளிச்சம் விழட்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டாம். ஸ்லைடை முந்தைய நாளே அனுப்புங்கள். "கேமராவை ஆன் பண்ணினால்தான் அட்டென்டன்ஸ்" என்ற விதியைத் தயவுசெய்து விடுங்கள்.

படி 8: டேட்டாவும் பழைய போனும்

வசதி இல்லாததும் ஒரு தடைதான். ஒரு மணி நேர வகுப்பின் பேச்சை மட்டும் பிரித்து, மோனோவில் 32 கேபிபிஎஸ் எம்பி3ஆக மாற்றினால் சுமார் 14 எம்பிதான் வரும். பேச்சு தெளிவாகவே கேட்கும். படி 3ஐ ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த ஆடியோ ஒரு முழு வகுப்பு, செய்யாவிட்டால் வெறும் "இது, அது". நீள வீடியோவை அத்தியாயங்களாகப் பிரித்து நேரக் குறிப்பு கொடுங்கள்.

இன்னொருவர் எழுதிய புத்தகத்தை மாணவருக்கு வாசிக்கத்தக்க வடிவில் மாற்றித் தரலாமா என்று தயங்குகிறவர்களுக்கு: பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் மாற்றுத்திறனாளிகளுக்கென்று, லாப நோக்கில்லாமல் அப்படி மாற்ற இடம் கொடுக்கிறது. பார்வையற்றோருக்குப் புத்தகங்கள் வாசிக்கத்தக்க வடிவில் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. மாற்றும் முன் சுகம்ய புஸ்தகாலயா என்ற ஆன்லைன் நூலகத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 9: நீங்களே சோதித்துப் பாருங்கள், அப்புறம் தெரிந்தவரிடம் கொடுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் அணுகல்தன்மை அமைப்பில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது. அதைப் போடுவதற்கு முன் அணைப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் போட்டதும் தொடுகை முறையே மாறிவிடும்: ஒரு முறை தொட்டால் பெயரைச் சொல்லும், இரு முறை தட்டினால்தான் திறக்கும், வலப்பக்கம் தேய்த்தால் அடுத்ததற்குப் போகும். ஐபோனில் இதற்குப் பெயர் வாய்ஸ்ஓவர். கணினிக்கு என்விடிஏ, முழுக்க இலவசம், 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் தொடங்கியது. அதோடு வரும் இஸ்பீக் குரலில் தமிழ் கொஞ்சம் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும். விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலைச் சேர்த்துக்கொண்டால் காதுக்கு இதம்.

இப்போது திரையைப் பார்க்காமல் நான்கு வேலை செய்யுங்கள்: உள்நுழைவது, இரண்டாவது பாடத்தைத் திறப்பது, வீடியோவை ஓட்டி நிறுத்துவது, ஒரு தேர்வை முடித்து அனுப்புவது. "பட்டன், பட்டன், பெயரிடப்படாத பட்டன்" என்று கேட்டால் அதை வடிவமைப்பாளரிடம் சொல்லிப் பெயர் வைக்கச் செய்யுங்கள். பிறகு கணினியில் மவுஸைக் கழற்றிவிட்டு டேப், என்டர், ஸ்பேஸ் விசைகளால் மட்டும் அதே நான்கு வேலை. எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கட்டம் திரையில் தெரிய வேண்டும்.

தானியங்கிச் சோதனைக் கருவிகள் ஆல்ட் டெக்ஸ்ட் இருக்கிறதா என்று சொல்லும், அது உருப்படியாக இருக்கிறதா என்று சொல்லாது. அதனால் ஸ்கிரீன் ரீடரைத் தினமும் பயன்படுத்தும் ஒருவரையும் காது கேளாத ஒருவரையும் அழைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் பணம் கொடுங்கள். "சமூக சேவைதானே" என்று ஓசியில் வேலை வாங்குவது நம் ஊரில் அதிகம்.

படி 10: ஏற்கெனவே இருநூறு வீடியோ இருந்தால்?

எல்லாவற்றையும் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. முதலில் நோட்ஸை யூனிகோடாக்குங்கள், குறைந்த உழைப்பில் அதிகப் பேருக்கு உதவுவது அதுதான். அடுத்து, புதிதாகச் சேருபவர் பார்க்கும் முதல் சில பாடங்களுக்கும் அதிகம் பார்க்கப்படும் பாடங்களுக்கும் சப்டைட்டில். பிறகு வரைபடம், விளக்கப்படம் மிகுந்த பாடங்களை மட்டும் தனியே பட்டியலிடுங்கள். வரலாறும் அரசியலமைப்பும் பெரும்பாலும் பேச்சாலேயே நிற்கும், சிக்கல் புவியியலிலும் அறிவியலிலும் கணக்கிலும்தான். அந்த வீடியோக்களையும் மறுபடி எடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிட ஆடியோ பதிவு செய்து "இந்தப் பாடத்தில் வரும் வரைபடம் இப்படி இருக்கிறது" என்று விவரித்து, வீடியோ விளக்கத்தின் முதல் வரியிலேயே இணைப்பு கொடுத்துவிடலாம்.

கோர்ஸின் முதல் பக்கத்தில் எது தயார், எது இன்னும் இல்லை என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள்: "1 முதல் 30 வரை சப்டைட்டில் உண்டு, மற்றவை வந்துகொண்டிருக்கின்றன, உங்களுக்கு உடனே தேவையான பாடம் எது என்று சொன்னால் அதை முதலில் செய்கிறோம்." கீழே ஒரு போன் எண், ஒரு வாட்ஸ்அப், ஒரு மின்னஞ்சல், மூன்றும் வேண்டும், ஏனென்றால் காது கேளாதவர் அழைக்க மாட்டார், சிலரால் தட்டச்சு செய்ய முடியாது. இருநூறில் எதை முதலில் எடுப்பது என்ற குழப்பமும் அதோடு போய்விடும், வரிசையை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.